இயற் கை எய்தினார்

மன்னார்குடி,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மூணுசுழிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் நாக்பூரிலிருந்து இதற்குள் புலம்பல் வந்திருக்கும். ஆயுத பூஜைக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. அதில் மூன்று இடத்தில் ‘ஏற்கெனவே’ என்பதை ‘ஏற்கனவே’ என்று எழுதியிருந்தாய். அந்தக் கோபம் ஆறட்டும் என்று இருந்தேன் என வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் ஐயா போய்விட்டார். போன வியாழக்கிழமை விடியற்காலை. வயது எண்பத்தொன்பது. படுக்கையில் கிடக்கவில்லை. முதல் நாள் ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பேப்பரில் ஏதோ ஒரு தலைப்பைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் படுத்தாராம். அன்றைக்கே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. உன் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. ஏன் என்று கீழே வரும், பொறு.

முதலில் போஸ்டர் கதையைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

சாயங்காலம் பாமணி ஆற்றங்கரையில் காரியம் முடிந்து திரும்பி வருகிறேன். பஸ் ஸ்டாண்டு வாசலில், ஆட்டோ ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஃப்ளெக்ஸ். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, நடுவில் சால்வை போர்த்திய ஐயா. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. படத்துக்குக் கீழே, ‘எங்கள் தமிழ் ஆசான் இயற்க்கை எய்தினார்’.

இயற்க்கை! ற்-க்கு அடுத்து ஒரு க்!

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. எட்டாம் வகுப்பில் அவர் நமக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதானேடா. புள்ளி வைத்த எழுத்துக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்த எழுத்து நிற்க வேண்டுமானால், முன்னால் நிற்பது ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். வாய்க்கால், பார்த்தான், வாழ்க்கை. ற் தனிக்கட்டை, பக்கத்தில் துணைக்கு ஆள் சேர்க்காது. ‘முயற்ச்சி’ என்று எழுதினதற்காக நீ இருநூறு தடவை ‘முயற்சி’ எழுதினாய். அதில் நூற்றெண்பதாவது தடவை மறுபடியும் ‘முயற்ச்சி’ என்று எழுதி இன்னொரு இருநூறு வாங்கினாய்.

அந்த மனிதர் படத்துக்குக் கீழேயே அந்தப் பிழை. எனக்குத் தூக்கம் வருமா? ராத்திரி பத்து மணிக்குக் கறுப்பு மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ‘எங்கே?’ என்று வீட்டில் கேட்டதற்கு, ‘சும்மா காற்றாட’ என்றேன். ஆட்டோ ஸ்டாண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு, அறுபது வயசுக் கிழவன், அதன்மேல் ஏறி நின்று அந்தக் க்-ஐக் கறுப்பால் அடித்தேன். இறங்கிப் பார்த்தால் ‘இயற் கை எய்தினார்’ என்று இருக்கிறது, நடுவில் பல் விழுந்த மாதிரி. பிழை போச்சு, சொல்லும் போச்சு.

‘யோவ், யாருய்யா அது?’ என்று பின்னால் ஒரு குரல். ஆட்டோக்காரர்கள் மூன்று பேர். ஃப்ளெக்ஸைக் கிழிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். ஐயாவிடம் படித்தவன் என்றேன். ‘நாங்களும்தான் சார்’ என்றார் அதில் மூத்தவர். ‘என்னைத் தமிழ்ல ரெண்டு வருஷம் ஃபெயில் போட்டாரு. மூணாவது வருஷம் வீட்டுக்கே கூப்பிட்டு வச்சுச் சொல்லிக்குடுத்தாரு. அப்பவும் ஃபெயிலுதான்.’ ஆளுக்கு இருநூறு போட்டு அடித்த ஃப்ளெக்ஸாம். நான் அழித்த இடத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘எது தப்புன்னு எங்களுக்குத் தெரியாது சார். ஆனா தப்பு இருக்கும்னு தெரியும்’ என்றார்.

மூணுசுழி, அவர் தொண்ணூறு மார்க் போட்ட பையன்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? என்ன செய்தோம்? நான் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று இரண்டு சொல் போட்டேன். பிழையில்லாமல் போட்டேன்.

என் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? 91-ல். அச்சகத்தில் ‘திருவளர்ச்செல்வன்’ என்று போட்டுவிட்டார்கள். நான் அப்போது பேப்பர் ஆபீசில் புரூஃப் பார்க்கச் சேர்ந்து ஒரு வருஷம், எனக்கும் அது கண்ணில் படவில்லை. ஐயா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மணமேடைக்கு ஏறி வந்தார். மொய்க் கவரைக் கொடுத்தார். கூடவே பத்திரிகையையும் திருப்பிக் கொடுத்தார், ச்-மேல் சிவப்புக் கோடு. நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகாத பெண்டாட்டி. ‘வளர்செல்வன் என்பது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகுமா? இலையில் ஊறுகாய் வைத்தார்களே, அதை ஊறுக்காய் என்றா கேட்டு வாங்கினாய்?’ என்றார். நான் சாப்பிடவே இல்லை ஐயா என்றேன். அந்தப் பத்திரிகையை இவள் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். சண்டை வரும்போதெல்லாம் எடுத்து மேஜைமேல் வைப்பாள். பேச மாட்டாள், வைப்பாள்.

உன் வேலை மனு மட்டும் என்ன வாழ்ந்தது! ‘எனக்கு ஒரு வேலைக் கொடுத்து உதவுங்கள்.’ வேலை கொடு என்றால் உத்தியோகம், வேலைக் கொடு என்றால் வேல். ‘எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் வேல் கிடைக்காது. பழனிக்குப் போய்க் கேள்’ என்று எழுதித் திருப்பியனுப்பினார். கடைசியில் ரயில்வேயில் உனக்கு ஆர்டர் வந்தபோது, உங்கள் அம்மா முதலில் பழனிக்குத்தான் போய் மொட்டை போட்டார்கள். இரண்டில் எது பலித்தது என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அவருடைய பிடிவாதத்தை நாம் கேலி பண்ணினதெல்லாம் சரி. ஆனால் அது எப்படிப்பட்ட பிடிவாதம் என்று இந்த நாலைந்து நாளாக யோசிக்கிறேன். 78-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’வில் புழங்க ஆரம்பித்த எழுத்துகளை எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஏற்றுக்கொண்டார்கள், மொத்தம் பதின்மூன்று எழுத்து. யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நின்ற லை, ணை எல்லாம் போய், இரண்டு சுழி போட்டு எழுதுகிற சங்கிலிக் கொம்பு வந்தது. ஐயா சங்கடப்பட்டார் என்பது நமக்கே தெரிந்தது. ஆனாலும் கரும்பலகையில் மளமளவென்று புது லைக்கு மாறிவிட்டார். ‘உங்களுக்குப் பிடிச்சிருக்கா ஐயா?’ என்று நீதான் எழுந்து கேட்டாய். ‘பிடிக்கவில்லை. ஆனால் ஆணை. உட்கார்’ என்றார். விதி என்றால் தனக்குப் பிடித்த விதி மட்டும் இல்லை என்பதில் ஆள் சுத்தம். அந்தச் சுத்தம் எனக்கு இல்லை, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு என் விதிதான் விதி.

அப்புறம் அந்தச் சுவடிச் சண்டை. பிளஸ் டூவில் ஒரு நாள், எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து வம்புக்கு நின்றாய். ‘ஓலைச்சுவடியில் புள்ளியே வைக்க மாட்டார்களாமே ஐயா, எ-யும் ஏ-யும் ஒன்று மாதிரியே இருக்குமாமே, அப்புறம் நமக்கு மட்டும் ஏன் ஒரு க்-குக்கும் ப்-புக்கும் இத்தனை அடி?’ வகுப்பே வாயைப் பிளந்தது. அவர் கோபப்படவில்லை. ‘புள்ளி இல்லாத ஓலையைப் படித்தவனுக்குப் புள்ளி எங்கே வரும் என்று இலக்கணம் சொல்லிற்று. உனக்குப் புள்ளியைப் போட்டுக் கொடுத்தும் தெரியவில்லையே’ என்றார். அன்றைக்கு நாம் சிரித்தோம். பிறகு முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இலக்கணத்துக்கு அதைவிட நல்ல வக்காலத்து நான் கேட்டதில்லை.

ஆறுமுக நாவலர் என்றால் அவருக்கு உயிர் என்பது உனக்குத் தெரியும். தமிழ் உரைநடைக்குக் காற்புள்ளி அரைப்புள்ளி கொண்டுவந்தவர், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சகம் வைத்துப் பிழையில்லாமல் புத்தகம் போட்டவர், சைவத்துக்காகப் பாதிரிமாரோடு மல்லுக்கு நின்றவர், அதே ஆள் பெர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளுக்குத் தமிழும் பார்த்துக் கொடுத்தார் என்று கண்ணை அகல விரித்துச் சொல்வார். ‘பிழை பார்க்க உட்கார்ந்தால் மதம் பார்க்கக் கூடாது.’ நான் அருட்பா–மருட்பா சண்டையை எடுத்துவிடுவேன். வள்ளலார் பாட்டை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று நாவலர் மல்லுக்கு நின்ற தகராறு, 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனதே ஐயா, ஒரு பெயருக்காக இவ்வளவு தேவையா என்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். ‘நாவலரும் மனிதர்தானே’ என்பார். வேறு யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

சரி, சுற்றி வளைத்தது போதும். என் விஷயத்துக்கு வருகிறேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்கு இது முற்றிவிட்டது. ஆபீசில் இருந்தவரைக்கும் இந்த வெறிக்கு ஒரு வடிகால் இருந்தது. புரூஃப் பார்க்கிறவன் பிழைப்பு உனக்குத் தெரியும். ஆயிரம் பிழை பிடித்தால் யாருக்கும் தெரியாது, ஒன்றை விட்டால் ஊருக்கே தெரியும். ‘அமைச்சர் உரை’ என்று வர வேண்டிய தலைப்பு ‘அமைச்சர் உறை’ என்று வந்த காலையில் நான் பட்ட பாட்டை உனக்கு எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது வேலை இல்லை, கண் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயில் உபயப் பலகை, சலூன் விலைப்பட்டியல், ‘சுவற்றில் எழுதாதீர்’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறது, எல்லாவற்றிலும் போய் மோதுகிறேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு ‘மனமாற வாழ்த்தும் நண்பர்கள்’ என்று பேனர். மனமார என்றால் மனசு நிறைய, மனமாற என்றால் மனசு மாற, அதுவும் தாலி கட்டுகிற அன்றைக்கு என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே போய்ச் சொன்னேன். எங்கள் தெருவில் இப்போதெல்லாம் பத்திரிகை வைக்க நான் வெளியே போன நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள். என் மருமகளிடமிருந்து ஒரு மெசேஜ். உன் வீட்டம்மா வழிச் சொந்தம்தானே, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஜபல்பூரில் பிறந்து வளர்ந்த பெண், பேச்சுத் தமிழ் தெரியும், எழுத்து தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் யாருக்கும் சொல்லாமல், புணேயில் உட்கார்ந்து தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தமிழில் அனுப்பிய முதல் மெசேஜ் அது. அப்படியே எழுதுகிறேன்:

‘மாமா சுகர் மாத்திரை சாப்பிட்டீங்கலா? காலைல பணில வெலியே போகாதீங்க.’

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். விரலால் சிவப்பு மையில் ல-வை அடித்து ஓரத்தில் ள போட்டேன், இரண்டு இடத்தில். பணி என்றால் வேலை, மூன்று சுழி. பனி என்றால் குளிர், இரண்டு சுழி. அதற்கு ஓர் அம்புக்குறி. புரூஃபில் போடுகிற அடையாளம் அத்தனையும் போட்டேன். போட்டு, அவளுக்கு மட்டும் அனுப்பினாலும் பரவாயில்லை. ‘அனைவருக்கும் பயன்படும்’ என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். அதில் இருபத்துமூன்று பேர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக் கட்டைவிரல் போட்டார்.

அவள் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள். மறுநாளிலிருந்து ‘டேக் கேர் மாமா’. இங்கிலீஷில். இன்றுவரைக்கும் இங்கிலீஷ்தான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது.

நான் இதைத் தப்பு என்றே நினைக்கவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். நல்லதுதானே செய்தோம் என்று ஒரு வாரம் மிதப்பாகத் திரிந்தேன். இவள்தான் ஒரு நாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: ‘அந்தப் பொண்ணு மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டுது. அதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லல.’

அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணப் பத்திரிகையைக்கூட எடுத்து வைக்கவில்லை.

இதனால்தான் உனக்குப் போன் பண்ணவில்லை. ஐயா போன செய்தியைச் சொன்னால், அடுத்த கேள்வியாக ‘மருமகள் எப்படி இருக்கிறாள்?’ என்றுதான் கேட்பாய். நான் என்ன சொல்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது. பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, அக்கா (ஐயாவின் மகள்தான், நமக்கு மோர் கொடுக்குமே, அந்த அக்கா) அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியது. நாம் எழுதின கடிதமெல்லாம் இருக்கிறது. உன் வேல் மனுவின் நகல்கூட இருக்கிறது. எல்லாவற்றிலும் சிவப்பு மை. அடியில் ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர், சணல் போட்டுக் கட்டியது. அக்கா கல்யாணமாகி ரூர்கேலாவுக்குப் போன புதிதில் எழுதினவை. ‘தமிழ் ஐயா மகளுக்கே ஒற்று வராது பார்’ என்று சிரித்துக்கொண்டே பிரித்தது. உண்மைதான், வரிக்கு ஒரு பிழை. எல்லாம் திருத்தியிருக்கிறது. ஆனால் பென்சிலில். அழுத்தாமல், ரப்பர் வைத்தால் போய்விடுகிற மாதிரி. ஓரத்தில் எழுதியிருக்கிற லை எல்லாம் பழைய துதிக்கை லை.

‘எனக்கு இதெல்லாம் இப்பத்தான் தெரியும்’ என்றது அக்கா. ‘பதில்ல ஒரு தடவைகூட இதைப் பத்தி எழுதினதில்லை. மழை பெஞ்சுது, மாடு கன்னு போட்டுது, நீ சாப்பிடறியா, மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்குதா, இப்படியே ரெண்டு பக்கம் இருக்கும்.’

பெரிய மனசு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவரால் திருத்தாமல் இருக்க முடியவில்லை, அது சிரங்கு மாதிரி, கை தானாகப் போகும். எனக்குத் தெரியாதா? ஆனால் பதிலை எழுதிப் போட்டுவிட்டு, இதைத் தனக்குள்ளேயே சொறிந்துகொண்டிருந்திருக்கிறார். ‘எங்களுக்கு மட்டும் ஏன்க்கா சிவப்பு மை?’ என்று கேட்டேன். ‘நீங்க சம்பளத்துக்குத் திருத்தின பசங்கடா’ என்றது. அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மருமகளுக்கு எழுதினேன். ஒரு மாசம் தாமதமாக. ‘மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன் அம்மா. காலையில்...’ என்று எழுதிக்கொண்டே வந்து நின்றுவிட்டேன். ‘வெளியே போவதில்லை’ என்று எழுத வேண்டும். எழுதினால் ள போட வேண்டும். ள போட்டால் அது இன்னொரு திருத்தம் மாதிரி அவள் கண்ணுக்குப் படுமே! ல போட என் விரல் வரவில்லை. பத்து நிமிஷம், மூணுசுழி, ஒரு சொல்லுக்கு. கடைசியில் ‘காலையில் வீட்டிலேயே இருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இரண்டு நாளாகிறது, பதில் இல்லை.

உன் வீட்டம்மாவை ஒரு தடவை சும்மா பேசச் சொல்லேன். நான் சொல்லச் சொன்னேன் என்று தெரியக் கூடாது. ஏதாவது சமையல் குறிப்பு கேட்கிற மாதிரி. முடிந்தால், பேச்சுவாக்கில், மாமாவுக்குத் தமிழில் மெசேஜ் வந்தால் ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை.

பதினாறாம் நாள் படத்திறப்பு. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள்தான் முன்னின்று செய்கிறார்கள். நோட்டீஸ் வாசகத்தை என்னிடம் கொடுத்து, ‘நீங்களே பாத்துக் குடுத்துருங்க சார்’ என்றார்கள். பார்த்துக் கொடுத்தேன். அந்த ஃப்ளெக்ஸையும் என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றேன். மூத்தவர் வேண்டாம் என்றுவிட்டார். ‘இருக்கட்டும் சார். ஐயாவே வந்து அடிச்ச மாதிரி இருக்கு.’ அதனால் நீ பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்த ஓட்டைப் பல் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.

டிக்கெட் கிடைக்கவில்லை என்று கதை விடாதே, ரயில்வேக்காரன் நீ. வரும்போது போன தடவை மாதிரி ஆரஞ்சு பர்பி இரண்டு பெட்டி வாங்கி வா. அதை மட்டும் உன் வீட்டம்மா போனில் உளறாமல் பார்த்துக்கொள். ஜபல்பூர்க்காரி காதுக்குப் போனால் எந்த மொழியில் திட்டு வரும் என்று தெரியாது.

உன்,
ஒற்று